பட்டம் முடியும் முன்பே முதுமாணிப் பாடம் எடுக்கலாமா?

திருகோணமலையைச் சேர்ந்த ஒரு தம்பி, அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்தில் மூன்றாம் ஆண்டை முடித்துக்கொண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறார். அவருடைய தங்கை கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், அதே துறையில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டுக்குள் நுழைகிறார். இருவரும் சேர்ந்து எனக்கு எழுதியிருக்கும் கேள்வி இது: "இளமாணிப் பட்டம் முடிவதற்கு முன்பே முதுமாணி மட்டத்துப் பாடங்களை எடுப்பது நல்லதா? எடுத்தால் அவை பிறகு முதுமாணிக்குக் கணக்கில் சேருமா? ஒரு வருடம் மிச்சமாகும் என்று அப்பா நம்புகிறார், அது உண்மையா?"

தம்பிக்கு என் பதில்: எடுங்கள், ஆனால் ஒரே ஒரு பாடம், அதையும் இறுதியாண்டின் முதல் அரையாண்டிலேயே எடுங்கள். தங்கைக்கு என் பதில்: இங்கே முறைப்படி பதிவுசெய்து எடுக்க வழியில்லை, ஆனால் அந்தப் பாடம் தரக்கூடிய பயனில் பெரும்பகுதியைத் திருகோணமலையை விட்டு நகராமலே நீங்கள் பெறலாம். அப்பாவின் கேள்விக்குப் பதில் சற்று நீளமானது. அதற்கு இடையில் வருகிறேன்.

முதலில், பட்டப்பின் பாடம் என்றால் என்ன என்பதில் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகப் பாடம் எப்படி இன்னும் கொஞ்சம் கடினமோ, அப்படியே அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம் கடினம் என்று நினைக்கிறோம். கடினம் கூடுவது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. அதை ஒரு கணக்கைக் கொண்டு காட்டுகிறேன்.

திருகோணமலை நகரத்தின் வீதிப்படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதி, மத்திய வீதி, ஏகாம்பரம் வீதி, வடகரை வீதி என்று எல்லா வீதிகளும், அவை ஒன்றையொன்று சந்திக்கும் சந்திகளும் அதில் இருக்கின்றன. மாநகரசபை சந்திகளில் மட்டும் பெரிய விளக்குகளை நடப்போகிறது. நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு சந்திகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு வீதித்துண்டுக்கும், ஏதாவது ஒரு முனையிலாவது விளக்கு இருக்க வேண்டும். ஆகக் குறைந்தது எத்தனை விளக்குகள் போதும்?

இளமாணிப் பாடத்தில் இந்தக் கணக்கு வரும். இதற்கு மிகச் சரியான விடையை, எவ்வளவு பெரிய படமானாலும் விரைவாகக் கண்டுபிடித்துத் தரும் முறை எதுவும் அறியப்படவில்லை என்று கற்பிப்பார்கள். 1972இல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. அது கடினமானது என்பதை நிறுவிக் காட்டினால் உங்களுக்குப் புள்ளி கிடைக்கும். பாடம் அந்த இடத்தோடு நிற்கும்.

பட்டப்பின் பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சரியான விடை கிடைக்காவிட்டால், எவ்வளவு நெருங்கலாம்? ஒரு எளிய வழியைச் சொல்கிறேன். இரு முனையிலும் விளக்கில்லாத ஏதாவது ஒரு வீதித்துண்டைத் தெரிவுசெய்து, அதன் இரண்டு முனைகளிலும் விளக்கு நடுங்கள். பிறகு அதேபோல இன்னொன்று. இரு முனையும் இருட்டாக உள்ள வீதித்துண்டு ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை இதைத் தொடருங்கள். கேட்பதற்கு விரயம்போலத் தோன்றும். ஆனால் நீங்கள் தெரிவுசெய்த வீதித்துண்டுகளில் எந்த இரண்டுக்கும் பொதுவான சந்தி இல்லை. ஆகவே உலகிலேயே மிகச் சிறந்த திட்டம்கூட, அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு விளக்கையாவது நட்டே தீர வேண்டும். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டீர்கள். எனவே உங்கள் எண்ணிக்கை, ஆகச் சிறந்த எண்ணிக்கையின் இரு மடங்கை ஒருபோதும் தாண்டாது. அந்த ஆகச் சிறந்த எண்ணிக்கை என்னவென்று தெரியாமலே இதை நிறுவிவிட்டோம்.

இதற்கு அடுத்த வகுப்பில் பேராசிரியர் கேட்பார்: அந்த இரண்டு மடங்கை 1.99 மடங்காகக் குறைக்க முடியுமா? எல்லா வரைபடங்களுக்கும் பொருந்தக்கூடிய அப்படியொரு விரைவான முறை இன்றுவரை எவரிடமும் இல்லை. முடியவே முடியாது என்று எவரும் முழுமையாக நிறுவியதும் இல்லை. வகுப்பில் இருக்கும் மாணவருக்கும் கரும்பலகையருகே நிற்கும் பேராசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி அது. பதினாறு, பதினேழு வருடங்களாக பாடநூலின் பின்பக்கத்தில் விடை இருக்கும் கேள்விகளையே செய்து பழகிய ஒரு பிள்ளை, அறிவு முடிகிற எல்லையை முதன்முதலாகப் பார்க்கும் இடம் அது. பட்டப்பின் பாடத்தை முன்கூட்டியே எடுக்கச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் உண்மையான காரணம் இது ஒன்றே. அந்த எல்லையில் நிற்பது உங்களுக்குப் பிடிக்கிறதா, பயமாக இருக்கிறதா, சலிப்பாக இருக்கிறதா என்பதை, ஐந்து வருடக் கலாநிதிப் படிப்புக்குக் கையெழுத்திட முன்பு, ஒரு அரையாண்டுச் செலவில் அறிந்துகொள்ளலாம். கிரெடிட், அதாவது பட்டத்துக்கு எண்ணப்படும் பாட அலகு, சேர்வதும் சேராததும் அதற்குப் பிறகுதான்.

இனி, தம்பியின் பக்கத்து நடைமுறை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பாட இலக்கமே மட்டத்தைச் சொல்லிவிடும்: 100 முதல் 400 வரையிலானவை இளமாணிப் பாடங்கள், 500க்கு மேற்பட்டவை பட்டப்பின் பாடங்கள். இறுதியாண்டு மாணவர் 500 மட்டத்துப் பாடத்தில் சேர, பெரும்பாலும் அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் பேராசிரியரின் அனுமதியும் உங்கள் கல்வி ஆலோசகரின் சம்மதமும் வேண்டும். சில இடங்களில் பட்டப்பின் பீடத்தின் படிவம் ஒன்றும், குறிப்பிட்ட அளவு ஜி.பி.ஏ.யும் (எல்லாப் பாடங்களினதும் சராசரிப் புள்ளி) கேட்பார்கள். ஒரே வகுப்பறையில் ஒரே விரிவுரை நடக்க, அதை 400 இலக்கத்தில் இளமாணி மாணவரும் 500 இலக்கத்தில் முதுமாணி மாணவரும் எடுப்பதும் உண்டு. 500இல் இருப்பவருக்கு ஒரு கட்டுரையோ கூடுதல் கணக்குகளோ இருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படியான பாடங்கள் இருந்தால் அவற்றைத் தவிர்த்து, முழுமையான பட்டப்பின் பாடம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள் என்பேன். அரைவாசி ஆழத்தில் நீந்திவிட்டு நிலாவெளிக் கடலைக் கண்டதாகச் சொல்ல முடியாது.

புள்ளியிடும் முறையும் வேறு. பட்டப்பின் மாணவர்கள் பொதுவாக 3.0 ஜி.பி.ஏ.யைக் காப்பாற்ற வேண்டியவர்கள் என்பதால், அங்கே ஏ, பி என்ற தரங்கள்தான் புழங்கும். சி என்பது ஏறக்குறையச் சித்தியடையாததற்குச் சமம். இதை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும். உழைத்தால் பிக்குக் கீழே போவது அரிது என்பது ஆறுதல். ஆனால் பட்டப்பின் பாடத்தில் சி எடுத்த இளமாணி மாணவரின் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பார்க்கும் ஒரு தேர்வுக்குழு, "முயன்றார்" என்று வாசிக்காது. "இந்த மட்டத்துக்கு இன்னும் வரவில்லை" என்றே வாசிக்கும். அதனால் முதல் இரண்டு வாரங்களுக்குள், பாடத்தை மாற்றிக்கொள்ளும் காலம் முடிவதற்கு முன், முதலாவது வீட்டுவேலைத் தாளை முழுமையாகச் செய்து பாருங்கள். நான்கு கணக்கில் ஒன்றையாவது யாருடைய உதவியுமின்றி முடிக்க முடியாவிட்டால், பதிவை நீக்கிவிட்டு, பேராசிரியரின் அனுமதியோடு புள்ளியில்லாமல் வகுப்பில் இருந்து கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கில் சேருமா என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் இளமாணிக்கு ஏறத்தாழ 120 கிரெடிட், முதுமாணிக்கு ஏறத்தாழ 30 கிரெடிட் என்பது பரவலான அளவு. நீங்கள் இறுதியாண்டில் எடுக்கும் 3 கிரெடிட் பட்டப்பின் பாடத்துக்கு மூன்றில் ஒரு கதி நேரலாம். அது உங்கள் 120க்குள் மட்டும் அடங்கலாம். அப்போது முதுமாணிக்கு அதை மீண்டும் பயன்படுத்த முடியாது. 120க்கு மேலதிகமாக நின்று, பிறகு முதுமாணிக்கு மாற்றப்படலாம். அல்லது, நான்கும் ஒன்றும் சேர்ந்த ஐந்து வருடத் திட்டம் என்று அழைக்கப்படும் துரித முதுமாணியில் நீங்கள் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தால், இரண்டு பட்டங்களுக்கும் பொதுவாக எண்ணப்படலாம். இப்படிப் பொதுவாக எண்ண அனுமதிக்கப்படும் அளவு பல இடங்களில் 9 அல்லது 12 கிரெடிட் அளவில் நிற்கும். இந்த மூன்றில் எது உங்களுக்கு நேரும் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி மட்டும் தீர்மானிப்பதில்லை. நீங்கள் எந்தத் திகதியில் எந்தப் படிவத்தை நிரப்பினீர்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். 1990களில் நானும் அமெரிக்காவில்தான் படித்தேன். இறுதியாண்டில் இரண்டு பட்டப்பின் பாடங்களை எடுத்தேன். இரண்டையும் முதுமாணிக்காக ஒதுக்கி வைத்திருப்பதாக என் மனத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. பட்டமளிப்புக்கு முந்திய சரிபார்ப்பில், வேறொரு தெரிவுப் பாடம் எனக்குக் குறைவதைக் கண்ட அலுவலகம், அந்த இடத்தை நிரப்ப அவற்றில் ஒன்றை எடுத்து இளமாணிக்குள் போட்டுவிட்டது. அனுப்பிய தாளை நான் கவனமாக வாசிக்கவில்லை. பட்டம் வழங்கப்பட்ட பிறகு அதை வெளியே எடுக்க முடியாது என்றார்கள். மற்றப் பாடத்தை வேறு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் நான் அதை எடுத்தபோது பட்டப்பின் மாணவனாகப் பதிவாகியிருக்கவில்லை. ஆறு கிரெடிட்டும் போயின. திருகோணமலை உவர்மலையில் இருந்த என் அப்பாவுக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் வான்கடிதத் தாள் ஒன்றை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆகவே தம்பி, ஆலோசகர் வாயால் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். "இந்தப் பாடம் என் இளமாணித் தேவைகள் எதற்கும் பயன்படுத்தப்படமாட்டாது, முதுமாணிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது" என்றோ, அதற்கு மாறாகவோ, மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்கும் அரையாண்டில் சரிபார்ப்புத் தாளை வரிவரியாக வாசியுங்கள்.

உங்கள் அப்பாவின் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில், அதே துறையில், துரிதத் திட்டத்தில் சேர்ந்து முதுமாணி செய்தால், இரண்டு வருடத்துக்குப் பதிலாக ஒரு வருடத்தில் முடிக்கலாம். அந்த மிச்சம் உண்மையானது, பணத்திலும் தெரியும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் அந்த மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம். நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்குப் போனால், இந்தக் கேள்வியின் உருவமே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் இளமாணி முடித்தவர் முதுமாணி இல்லாமலே கலாநிதிப் படிப்பில் சேரலாம். நல்ல திட்டங்களில் கல்விக்கட்டணம் தள்ளுபடியாகி மாதச் சம்பளமும் கிடைக்கும். முதுமாணிக்கோ பெரும்பாலும் சொந்தப் பணம் கட்ட வேண்டும். கலாநிதிப் படிப்பில் முன்னர் எடுத்த பாடம் கிரெடிட்டாகச் சேராவிட்டாலும், ஒரு அடிப்படைப் பாடத்திலிருந்து விலக்குப் பெறவோ, தகுதிகாண் பரீட்சையை முன்னதாக எழுதவோ உதவலாம். அப்பாவிடம் இதைச் சொல்லும்போது, ஒரு வருடக் கணக்கைவிட, சம்பளத்தோடு படிக்கும் வாய்ப்பை இந்தப் பாடம் நெருங்கச் செய்கிறது என்பதை முன்வைத்துச் சொல்லுங்கள்.

எப்படி நெருங்கச் செய்கிறது என்றால், பரிந்துரைக் கடிதத்தின் வழியாக. கலாநிதி விண்ணப்பத்துக்கு வழக்கமாக மூன்று கடிதங்கள் வேண்டும். இளமாணிப் பாடம் கற்பித்த பேராசிரியர், "வகுப்பில் முதலிடம்" என்று எழுதுவார். அப்படியான கடிதங்கள் தேர்வுக்குழுவின் மேசையில் குவிந்து கிடக்கும். பட்டப்பின் பாடம் கற்பித்தவரோ, "எனது முதலாம் ஆண்டுக் கலாநிதி மாணவர்களோடு ஒரே வகுப்பில் இருந்து, அவர்களில் பலரைவிட நன்றாகச் செய்தார்" என்று எழுதலாம். தேர்வுக்குழு அறிய விரும்புவது அதைத்தான். ஆனால் இதில் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. பலர் அதைத் தவறவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் தொடங்கும் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில், சிலவே ஜனவரி நடுப்பகுதியில், முடிவடைகின்றன. ஆகவே இறுதியாண்டின் இரண்டாம் அரையாண்டில் எடுக்கும் பட்டப்பின் பாடம், எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும், அந்த விண்ணப்பத்துக்கு எந்த வகையிலும் உதவாது. ஓகஸ்ட்டில் தொடங்கும் முதல் அரையாண்டுப் பாடத்தின் இறுதிப் புள்ளிகூடச் சில விண்ணப்பங்களுக்குப் பிந்தியே வரும். ஆனால் பேராசிரியர் உங்களை மூன்று மாதம் பார்த்திருப்பார், கடிதம் எழுத அது போதும். உங்களுக்கு முன்னால் இருப்பது அந்த ஓகஸ்ட்தான்.

பணத்தையும் வீசாவையும் பற்றிச் சுருக்கமாக. பல பல்கலைக்கழகங்களில் முழுநேர இளமாணி மாணவருக்கு ஒரு எல்லைவரை ஒரே கட்டணம்; அந்த எல்லைக்குள் பட்டப்பின் பாடமும் அடங்கினால் மேலதிகச் செலவில்லை. உங்களுடைய புலமைப்பரிசில் பட்டப்பின் இலக்கம் கொண்ட பாடத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். மாணவர் வீசாவில் இருக்கும் இளமாணி மாணவர் அரையாண்டுக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். பதிவுசெய்யாமல் சும்மா இருந்து கேட்கும் பாடம் அந்த 12க்குள் வராது. துரிதத் திட்டத்தில் சேர்வதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். படிப்பு முடிந்தபின் வேலைசெய்து பழகுவதற்கான 12 மாத அனுமதி, பட்டத்தின் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒருமுறை என்ற அடிப்படையில் கிடைப்பது. இரண்டு பட்டமும் ஒரே நாளில் வழங்கப்பட்டால் உங்கள் நிலை என்னவாகும் என்பதை, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இதே சொற்களில் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்பீர்கள். இறுதியாண்டில் விண்ணப்பங்கள் எழுதுவதே ஒரு பாடத்தின் நேரத்தை விழுங்கிவிடும். அதோடு ஆய்வுத்திட்டம் இருக்கும். ஒரு பட்டப்பின் பாடத்தின் வீட்டுவேலை வாரத்துக்கு 10 முதல் 15 மணித்தியாலம் வரை போவது சாதாரணம். நான் இரண்டு எடுத்தபோது இரண்டையும் அரைகுறையாகவே கற்றேன் என்பதை, பத்து வருடம் கழித்து அவற்றில் ஒன்றைக் கற்பிக்க நின்றபோதுதான் உணர்ந்தேன். அது கிரெடிட் இழந்ததைவிட அதிகம் உறுத்தியது.

இப்போது தங்கைக்கு. உங்கள் அண்ணாவுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் நம் நாட்டின் ஏணி வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். நீங்கள் செய்யும் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். பாடங்களால் மட்டும் அமைந்த முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். மேல் மட்டத்தில் பதிவுசெய்ய இளமாணிப் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆகவே பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் கற்கைகள் நிறுவகத்திலோ, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலோ இறுதியாண்டு மாணவியாகவே முதுமாணிக்குப் பதிந்துகொண்டு, இரண்டையும் சமாந்தரமாகக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் நம்பி முற்பணம் கட்டிவிடாதீர்கள். பதிய முடிந்தாலும் நான் வேண்டாம் என்பேன். அந்த வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு நாட்களில் நடப்பவை. வெள்ளி மாலை பஸ் ஏறி, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை கோணேசபுரியில் ஆய்வுகூடத்தில் நிற்பது, ஒரு மாதத்துக்குமேல் எவராலும் முடியாது.

அதைவிட முக்கியமானது உங்கள் பட்டத்துக்குக் கிடைக்கும் வகுப்பு. நம் பல்கலைக்கழகங்களில் முதலாம் வகுப்புக்குப் பொதுவாக 3.70 ஜி.பி.ஏ.யும், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30உம் வேண்டும். உதவி விரிவுரையாளர் பதவி, வெளிநாட்டுப் புலமைப்பரிசில், ஆய்வுப் பட்டத்துக்கான அனுமதி என எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த வகுப்பு. அமெரிக்காவில் உங்கள் அண்ணாவின் ஒரு பாடப் புள்ளி சற்றுக் குறைந்தாலும், நல்ல கடிதம் ஒன்று அதை ஈடுசெய்யலாம். இங்கே 3.68 என்பது 3.70 அல்ல. உங்கள் இறுதியாண்டுப் பாடங்களையும் ஆய்வேட்டையும் பாதிக்கும் எதையும் தொடாதீர்கள். நல்லவேளையாக நீங்கள் நான்கு வருடப் பட்டத்தில் இருக்கிறீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல மூன்று வருடப் பட்டத்தை முழுமையான இளமாணியாக ஏற்பதில்லை என்பதால், மூன்றாம் ஆண்டோடு நிறுத்திவிட்ட உங்கள் தோழிகளுக்கு இடையில் இன்னொரு படி தேவைப்படும்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? பட்டப்பின் பாடத்தின் உள்ளடக்கம் இப்போது எங்கும் பூட்டி வைக்கப்பட்டில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வெளியிடப்போவதாக 2001இல் அறிவித்தது. இன்று அங்கே பட்டப்பின் பாடங்களின் விரிவுரைக் குறிப்புகளும் வீட்டுவேலைத் தாள்களும், சிலவற்றுக்குப் பரீட்சைத் தாள்களும் கிடைக்கின்றன. இந்தியாவின் ஐ.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கற்பித்தல் திட்டத்தின் வழியாக 8 வார, 12 வாரப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் காணொளி பார்ப்பதைப் படிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். நான் உவர்மலையில் சில பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். காணொளியை மட்டும் பார்த்தவர்கள் மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்டார்கள். வீட்டுவேலைத் தாளை முதலில் அச்சிட்டு, அதைச் செய்ய முடியாமல் திணறி, பிறகு காணொளிக்குப் போன இருவர் கடைசிவரை வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வாராவாரம் தன் விடைகளைக் கோடிட்ட கொப்பியில் எழுதி வந்து, எங்கள் விறாந்தையில் வைத்து எனக்கு விளங்கப்படுத்துவாள். விளங்கப்படுத்தும்போது அவளே பிழையைக் கண்டுபிடித்து, பேனையை வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தில்தான் அவள் கற்றாள்.

அதனால் உங்களுக்கு என் யோசனை இது. உங்கள் ஆய்வேட்டை மேற்பார்வை செய்யப்போகும் விரிவுரையாளரிடம், ஆய்வேட்டுக்குத் தேவையான துறையிலேயே ஒரு பட்டப்பின் பாடத்தைத் தெரிவுசெய்து தரும்படியும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் உங்கள் விடைகளைக் கேட்கும்படியும் வேண்டுங்கள். தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஒரு 3 கிரெடிட் பாடம் 150 மணித்தியாலம். இரண்டு அரையாண்டுகளின் 30 வாரங்களுக்கு அதைப் பரப்பினால் வாரத்துக்கு 5 மணித்தியாலம்தான், அதுவும் ஆய்வேட்டுக்கே பயன்படும் உழைப்பு. பெறுபேற்றுப் பத்திரத்தில் அது வராது. ஆனால் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும், விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதத்தில் வரும். இளமாணி மட்டத்தைத் தாண்டிய ஒரு நிறுவலைத் தானாகவே கற்று ஆய்வேட்டில் பயன்படுத்தியவர் என்று அவர் எழுதினால், அதை வாசிப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் பெறுமதியை அறிவார்.

நீங்கள் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தம்பி எடுக்கும் பாடத்தின் பாடத்திட்டமும் நூற்பட்டியலும் துறையின் இணையத்தளத்தில் பெரும்பாலும் பகிரங்கமாகவே இருக்கும். தங்கையும் அதே நூலை அதே வேகத்தில் வாசிக்கட்டும். ஞாயிறு இரவுகளில் பேசிக்கொள்ளும்போது அந்த வாரத்துக் கருத்தைப் பேசுங்கள். அண்ணாவின் மதிப்பிடப்படும் கணக்குகளுக்கான விடைகளை மட்டும் பேசக்கூடாது. அது அங்கே கடுமையான குற்றம், பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கும் அளவுக்குப் போகும். நூலில் உள்ள மற்றப் பயிற்சிகளே இருவருக்கும் போதியவை.

தம்பி பேராசிரியருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலைப் பற்றியும் கேட்டிருந்தார். நீளமாக எழுத வேண்டாம். நீங்கள் யார், எந்த ஆண்டு, அந்தப் பாடத்துக்கு அடிப்படையான எந்தப் பாடங்களை எடுத்து என்ன புள்ளி பெற்றீர்கள் என்பது முதல் வாக்கியம். பாடநூலின் முதலிரண்டு அத்தியாயங்களை வாசித்துப் பயிற்சிகளைச் செய்துவிட்டதாகவும், அவற்றில் உங்களுக்கு விளங்காத ஒரு குறிப்பிட்ட இடம் எது என்பதும் இரண்டாவது. முன் அனுமதி தேவை, படிவத்தில் கையெழுத்திட முடியுமா என்பது மூன்றாவது. இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் அந்த இடத்தைப் பற்றியே பதில் எழுதுவார். விடுமுறை இன்னும் ஆறு வாரம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு வாரத்தை அத்தியாயங்களுக்கு வைத்துக்கொண்டு, மூன்றாம் வாரத்தில் அனுப்புங்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவருடைய தபால்பெட்டி நிரம்பி வழியும்.